சிங்களம் கற்போம், தமிழை ஏன் கைவிட வேண்டும்? தெஹியோவிட்டவிலிருந்து ஒரு பார்வை

கலாசாரங்களின் மோதல் என்றதும் அளுத்கம, திகன, மினுவாங்கொட என்று எரிந்த கடைவீதிகளே எமது நினைவுக்கு வருகின்றன. ஆனால் சத்தமில்லாமல் நடக்கும் மாற்றங்களும் உண்டு. பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும்போது எந்த மொழிமூலம் என்று பெற்றோர் தீர்மானிக்கிறார்களே, அங்கேதான் ஒரு சமூகத்தின் அடுத்த ஐம்பது வருடங்களும் தீர்மானிக்கப்படுகின்றன. கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்டப் பகுதியை வைத்து இதைச் சற்று யோசித்துப் பார்க்கலாம்.

அவிசாவளைக்கு அப்பால் றப்பர் தோட்டங்கள் சூழ்ந்த பிரதேசம் இது. சிங்களக் கிராமங்களே பெரும்பான்மை. அவற்றுக்கிடையே தோட்ட லயங்களில் மலையகத் தமிழர்கள். நகரங்களிலும் அவற்றை அண்டிய சிறு ஊர்களிலும் முஸ்லிம்கள். சந்தையில் மூவரும் தினமும் சந்திக்கிறார்கள். கடைக்கார நானா ஒரு வாடிக்கையாளரிடம் சிங்களத்தில் விலை சொல்லிவிட்டு, அடுத்தவரிடம் தமிழில் சுகம் விசாரிப்பது இங்கே சாதாரண காட்சி.

இந்தக் கலப்பு புதியதல்ல. பக்கத்திலுள்ள சீதாவக்கை இராச்சியத்தை 1521 முதல் 1581 வரை ஆண்ட மாயாதுன்னை, போர்த்துக்கேயருக்கு எதிராகக் கள்ளிக்கோட்டை சாமூதிரியின் உதவியை நாடினான். வந்து போரிட்டவர்கள் முஸ்லிம் மரைக்காயர்களின் தலைமையிலான படையினர். மாயாதுன்னையின் மகன் முதலாம் இராஜசிங்கன் சைவத்தைத் தழுவியவன் என்று வரலாறு சொல்கிறது. அவன் காலத்துப் பெரெண்டி கோயிலின் எச்சங்கள் இன்றும் அவிசாவளையில் உள்ளன. ஆக, இந்த மண் ஒருபோதும் ஒரே மொழியின், ஒரே மதத்தின் மண்ணாக இருந்ததில்லை.

பிற்காலத்தில் றப்பர் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் மூலம் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை வழங்கவும் முடிவு செய்தது. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்கள் சபரகமுவத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்தனர். எஞ்சியவர்கள் நுவரெலியாவில் உள்ளதுபோல் ஒரு தொடர்ச்சியான சமூகமாக இல்லை. கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கிறார்கள். அதனால் அவர்களது பாடசாலைகளும் சிறியவை. ஆசிரியர்கள் போதாது. உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் படிக்கத் தமிழ்மொழி மூல வகுப்பு கிடைப்பது அரிது.

இப்படிப்பட்ட நிலையில் ஒரு தோட்டத் தகப்பன் தன் பிள்ளையைச் சிங்களப் பாடசாலைக்கு அனுப்பினால் அவரைக் குறை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? இரண்டாவது, மூன்றாவது தலைமுறையில் அந்த வீட்டில் தமிழ் பேச்சளவில் சுருங்குகிறது. எழுத்து மறைகிறது. பிறகு பெயரும் மாறுகிறது.

“இது தோட்டத்து ஆட்களின் பிரச்சினை, நமக்கென்ன?” என்று நாம் கேட்கலாம். ஆனால் அதே பாதையில்தான் நாமும் நடந்துகொண்டிருக்கிறோம். மேல், சபரகமுவ மாகாணங்களில் முஸ்லிம் பிள்ளைகள் சிங்கள மொழிமூலம் கற்பது இன்று சர்வசாதாரணம். ஜும்ஆ குத்பாவைச் சிங்களத்தில் நிகழ்த்த வேண்டிய தேவை சில ஊர்களில் ஏற்பட்டிருக்கிறது.

பெற்றோர் சொல்லும் காரணங்களில் நியாயம் உண்டு. பொலிஸ் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் வைத்தியசாலையிலும் சிங்களம் தெரியாதவன் இந்த மாவட்டத்தில் ஊமைதான். 2013இல் ஹலால் சான்றிதழுக்கு எதிரான பிரசாரம் கிளம்பியபோதும், 2019 ஏப்ரலுக்குப் பின்னரும், எமது பக்க விளக்கத்தைச் சரளமான சிங்களத்தில் சொல்லக்கூடியவர்கள் எம்மிடம் போதுமான அளவு இருக்கவில்லை. இந்தக் குறை தீர வேண்டும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆனால் சிங்களம் கற்பது வேறு, தமிழை விட்டுச் சிங்களத்துக்கு மாறுவது வேறு. மாறிவிட்டால் பாதுகாப்புக் கிடைக்கும் என்ற எண்ணம் அனுபவத்துக்கு ஒத்துவரவில்லை. எமது மாவட்டத்திலேயே 2001இல் மாவனல்லை எரிந்தது. மாவனல்லை முஸ்லிம்களுக்குச் சிங்களம் தெரியாதா? 2018இல் திகனயில் தாக்கப்பட்டவர்களும் அயலவரோடு சிங்களத்தில் பேசிப் பழகியவர்களே. மொழி தெரிந்தால் சந்தேகம் குறையும். ஆனால் அரசியல் நோக்கத்துக்காகத் திட்டமிட்டுத் தூண்டப்படும் வெறுப்பை அது மட்டும் தடுக்காது.

இழப்பையும் கணக்கிட வேண்டும். இலங்கையில் எமது மார்க்க நூல்கள் பெரும்பாலும் தமிழில்தான் இருக்கின்றன. காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிமோடு கேகாலை முஸ்லிமை இணைக்கும் மொழியும் தமிழே. தெற்கு முழுக்கச் சிங்களத்துக்கும் கிழக்கு தமிழுக்குமாகப் பிரிந்தால், ஒரே சமூகம் இரண்டாகும். 1956இல் ஐக்கிய தேசியக் கட்சியும் தனிச்சிங்களக் கொள்கையை ஏற்றபோது, அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அக்கட்சியை விட்டே விலகினார். ஸாஹிரா அதிபராக இருந்த அவர் சிங்களத்தின் எதிரி அல்லர். ஒரு சமூகம் மொழியை இழக்கும்போது எதையெல்லாம் இழக்கிறது என்பதை அறிந்தவர்.

இன்னொரு விடயத்தையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. சபரகமுவவில் இரத்தினபுரி அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது, கேகாலை இல்லை. ஆகவே வசதியில்லாத தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையும், சிற்றூர் முஸ்லிம் பிள்ளையும், கேகாலை நகரின் பெரிய பாடசாலை மாணவரோடு ஒரே கோட்டாவில் போட்டியிடுகிறார்கள். மாவட்டத்தின் சராசரிக்குள் இவர்களது பின்னடைவு மறைந்துவிடுகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? தெஹியோவிட்டக் கல்வி வலயத்தில் தமிழ்ப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் ஒரே மொழியில், ஒரே பாடத்திட்டத்தைக் கற்பிக்கின்றன. தனித்தனியாக விஞ்ஞானப் பிரிவு நடத்தப் பிள்ளைகளும் போதாது, ஆசிரியர்களும் போதாது. இரு தரப்பும் சேர்ந்து ஒரு பாடசாலையில் கூட்டு உயர்தர விஞ்ஞான, கணித வகுப்பைக் கோரினால், மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு அதை மறுப்பது கடினம்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்காகத் தனியான விடுமுறைக் காலம் உண்டு. தமிழ்ப் பாடசாலைகளின் தவணைக் கால அட்டவணை வேறு. பெண் பிள்ளைகளின் உடை, போக்குவரத்து பற்றிய கவலை எம்மவருக்கு. “முஸ்லிம் பாடசாலையில் எங்கள் பிள்ளை ஒதுக்கப்படுமா?” என்ற அச்சம் அவர்களுக்கு. இவை பேசித் தீர்க்கக்கூடியவை. ஆனால் பள்ளிவாசல் நிர்வாகமும் தோட்டத்துக் கோயில் கமிட்டியும் இதற்காக ஒரே மேசையில் அமர வேண்டும்.

சட்டமும் எம் பக்கம் இருக்கிறது. தேசிய மொழிகளில் ஒன்றில் கல்வி கற்கும் உரிமையை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தருகிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொண்டு பதில் பெறும் உரிமையை 22ஆம் உறுப்புரை தருகிறது. பிரதேச செயலகத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தவர்கள் எம்மில் எத்தனை பேர்? கேட்பார் இல்லாத உரிமை தாளிலேயே கிடக்கும்.

மொழிகள் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்குர்ஆன் (30:22) எடுத்துக்காட்டுகிறது. அயலவரின் மொழியைக் கற்பதும் சொந்த மொழியைப் பேணுவதும் இந்தப் பார்வையில் முரண்பட்டவை அல்ல. அடுத்த வருடம் முதலாம் தரத்துக்குப் பிள்ளை சேர்க்கவிருக்கும் பெற்றோர், விண்ணப்பத்தை நிரப்புமுன் இதைப் பற்றி ஒரு முறை வீட்டிலும், ஒரு முறை பள்ளிவாசலிலும், முடிந்தால் பக்கத்துத் தோட்டத்துப் பெற்றோரோடும் பேசிப் பார்க்கட்டும்.