எட்டு அலகுகளுக்கு ஓர் ஆணை

இக்காலக் கணிப்பொறிச் செயலியுள் ‘கோர்’ எனப்படும் கணிப்பு அலகுகள் நான்கு, எட்டு என அமைந்துள்ளன. வேலை மிகும்போது அவற்றின் துடிப்பு வேகம் உயர்கிறது, ஓய்வில் தாழ்கிறது. வேகத்துடன் மின்னழுத்தமும் உயர்வதாலும், மின்செலவு அழுத்தத்தின் இருமடிக்கேற்பப் பெருகுவதாலும், இவ்வேற்பாடு மின்கலத்தைக் காக்கிறது.

லினக்ஸ் முறையில் பல செயலிகளில் ஒவ்வோர் அலகுக்கும் தனி அமைப்பு உண்டு. எட்டையும் கையால் திருத்துவோர் ஒன்றை மறத்தல் எளிது. மறந்த அலகு மெதுவாக இயங்க, பணி காரணம் புலப்படாது தாமதிக்கும். ‘சிபியுபவர்’ கருவியோ ஓர் ஆணையால் அனைத்தையும் மாற்றும். 2016-இல் லினக்ஸ் 4.7-உடன் வந்த ‘ஷெட்யூட்டில்’ நெறி, வேலைப்பளுவை நோக்கி வேகத்தைத் தானே தீர்மானிக்கிறது.

பெரிய, சிறிய அலகுகள் கலந்த செயலிகளில் வேக எல்லைகள் வேறுபடலாம். நெறி ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே பள்ளியிலும் களத்திலும் தனித்தனித் திருத்தத்தைக் கைவிட்டு, அனைத்துக்கும் ஒரே அமைப்பை விதியாகக் கொள்வதே நன்று.