சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!



போடிக்காரனுக்கு ஜீப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விடிவதற்குள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு, முந்தலைத் தாண்டி மேட்டுக்கு உறுமிக்கொண்டு போகும் ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இன்று அந்த வேலையைச் செய்பவை டீசல் வண்டிகள். ஆனாலும் எங்காவது ஒரு தோட்ட ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் பழைய சி.ஜே.3பி பெட்ரோல் ஜீப் ஒன்று கிடந்தால் போதும், நம் பையன்களுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். "கார்புரேட்டரைக் கழற்றி எறிஞ்சிட்டு இன்ஜெக்‌ஷன் போட்டா என்னடா?"

ஆசை தப்பில்லை. போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1200 அடி. போடிமெட்டு சுமார் 4500 அடி. நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இந்த ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே கலந்த மாதிரியே மேலேயும் பெட்ரோலை ஊற்றும். வண்டி கரும்புகை கக்கும், இழுவை குறையும். இன்ஜெக்‌ஷனில் இருக்கும் அழுத்த சென்சார் இதை உணர்ந்து பெட்ரோலை அளந்து குறைக்கும். நம் மலைக்கு ஏற்ற மாற்றம்தான் இது.

என் சண்டை எல்லாம், இந்த வேலையை நாம் எங்கே ஆரம்பிக்கிறோம் என்பதில்தான். செமினாரில் ஈ.சி.யு. பற்றிப் பேசுகிறோம், இன்ஜெக்டர் பற்றிப் பேசுகிறோம். டேங்கும் பம்பும்? ரிப்போர்ட்டின் கடைசியில், "பொருத்தமான பம்பு பொருத்தப்பட்டது" என்று ஒரே வரி! சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? முதல் படமாக வரைய வேண்டியதே டேங்கும் பம்பும்தான் என்கிறேன் நான்.

இதைப் பட்டுத்தான் கற்றோம். எங்கள் குழு மாற்றியமைத்த ஜீப் ஒர்க்‌ஷாப்பில் அருமையாக ஓடியது, எல்லோரும் கைதட்டினார்கள். அரை டேங்குக்கும் குறைவான பெட்ரோலுடன் மலையேறியபோது, ஒரு வளைவின் நடுவில் இரண்டு முறை திணறி நின்றுவிட்டது. வண்டி பின்னால் உருள ஆரம்பிக்க, குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். பின்னால் வந்த தோட்ட ஜீப் டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேங்க்ல பெட்ரோல் கெடக்கு தம்பி, பம்புக்கு எட்டலையேப்பா!" மூன்று வருடப் பாடம் அந்த ஒரே வரியில் இருந்தது.

காரணம் இதுதான். பழைய ஏற்பாட்டில் கேம்ஷாஃப்ட் தள்ளும் மெக்கானிக்கல் பம்பு கால் பார் அழுத்தம் கொடுத்தால் போதும். வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய் சில நொடி காற்றை உறிஞ்சினாலும், மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் கையிருப்பு காப்பாற்றிவிடும். மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷனுக்கோ சுமார் 3 பார் வேண்டும். கிண்ணமும் கிடையாது. பம்பு காற்றை விழுங்கினால் அழுத்தம் சரியும், இன்ஜின் திணறும்.

நமக்கு இருக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, சேஸிஸில் வெளியே மாட்டும் இன்லைன் பம்பு. செலவு குறைவு. ஆனால் இது தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோணி. டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே, டேங்குக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இன்ஜின் பக்கம் மாட்டினால் சூடும், மேட்டின் குறைந்த காற்றழுத்தமும் சேர்ந்து பெட்ரோலைக் குழாயிலேயே ஆவியாக்கிவிடும். நாங்கள் செய்தது இதைத்தான். இடமும் தப்பு.

இரண்டாவது, டேங்கை வெட்டி உள்ளேயே பம்பை இறக்குவது. பெட்ரோலில் மூழ்கியிருப்பதால் பம்பு குளிர்ச்சியாக, சத்தமில்லாமல் ஓடும். இன்றைய கார்களில் இதுதான் வழக்கம். ஆனால் இந்த ஜீப்பின் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆழமில்லாத பெட்டி. புது பம்பு யூனிட்டின் உயரம் அதற்குள் அடங்குவது கஷ்டம். தடுப்புத் தகடும் வைத்தாக வேண்டும். இன்னொன்று: நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி வெல்டிங் பொறிக்காகக் காத்திருக்கும். அனுபவமில்லாத கை அதைத் தொடவே கூடாது.

மூன்றாவது, சர்ஜ் டேங்க். ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளும் செங்குத்தான சிறு குப்பி. குறைந்த அழுத்தப் பம்பு ஒன்று பெரிய டேங்கிலிருந்து இதை எப்போதும் நிரப்பிக்கொண்டிருக்கும். இதன் அடியிலிருந்து அழுத்தப் பம்பு எடுத்துக்கொள்ளும். மிஞ்சியது மேல்வழியாகப் பெரிய டேங்குக்கே திரும்பும். கழற்றி எறிந்த மிதவைக் கிண்ணத்தை வேறு உருவத்தில் திருப்பிக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்! இரண்டு பம்பு, கூடுதல் இணைப்புகள், கூடுதல் வயரிங் என்பது உண்மை. குப்பியை ஆள் உட்காரும் இடத்துக்குள் வைக்கவும் கூடாது. ஆனாலும் நம் 17 வளைவுகளுக்கு என் ஓட்டு இதற்கே.

பம்பின் அளவிலும் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது: "பெரிய பம்பு போட்டா பவர் ஏறும்." கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த 2.2 லிட்டர் இன்ஜின் சுமார் 75 குதிரைத்திறன். முழு வேகத்திலும் மணிக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்காது. மணிக்கு 100 லிட்டர் தரும் சாதாரணப் பம்பே தாராளம். மீதியெல்லாம் சூடேறித் திரும்பி வரும். ரேஸ் பம்பு போட்டால் அந்தச் சூடும் பேட்டரிச் செலவும்தான் கூடும்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இன்ஜின் நின்றால் மெக்கானிக்கல் பம்பும் நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்பை நேராக இக்னிஷன் சாவியில் கொடுத்தால், வண்டி கவிழ்ந்த பிறகும் அறுந்த குழாய் வழியே பெட்ரோலைப் பீய்ச்சும். அதுவும் சீட்டுக்கு அடியில்! எனவே, இன்ஜின் சுற்றாவிட்டால் பம்பை நிறுத்தும்படி ஈ.சி.யு. கட்டுப்படுத்தும் ரிலேயும், மோதினால் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சும் கட்டாயம். பழைய ரப்பர் குழாய் 3 பாருக்கு ஆகாது, எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 முத்திரையுள்ள குழாய் வாங்குங்கள். 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. அது பழைய ரப்பரைக் கெடுக்கும், டேங்கின் துருவையும் கசடையும் கிளப்பிவிடும். பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர், பின்னால் ஒரு ஃபில்டர் அவசியம்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது; ரோட்டில் இறக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். 2021-இல் வந்த விதிப்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை விண்டேஜ் என்று பதிய, இன்ஜினிலோ சேஸிஸிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஆகவே, அசல் குலையாத ஜீப் கையில் கிடைத்தால் கார்புரேட்டரைத் துடைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே மாறிப்போன வண்டியில் காட்டுவோம் நம் கைவரிசையை!

தம்பிகளே! ஒர்க்‌ஷாப் தரை சமமானது. நம் மலை சமமானதல்ல. அடுத்த வருட ப்ராஜெக்ட்டின் முதல் பக்கத்தில் டேங்கை வரையுங்கள். சக்கரத்துக்குக் கல் வைக்க ஓடும் நிலைமை எங்களோடு போகட்டும்!