மாத்திரை ஏன் தீர்ந்தது?

இடுக்கி மாவட்டத்தின் இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. 2010-இல் மூணாறு ஊராட்சியிலிருந்து பிரிந்தது. அங்குள்ள முதுவான் பழங்குடியினரின் பேச்சு தமிழின் கிளை. மதுரையிலிருந்து மலையேறி வந்தோம் என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய குடியிருப்புகளில் கருத்தடை மாத்திரை ஏகமாகச் செலவானது. பதிவேட்டை மட்டும் புரட்டுகிறவருக்கு அது குடும்பநலத் திட்டத்தின் வெற்றி.

பெண்களிடம் பேசியபோதுதான் சங்கதி வெளியே வந்தது. மாதவிலக்கு நாட்களில் அவர்கள் வீட்டில் இருக்கக் கூடாது. வாலாய்மைப்புரை என்ற குடிலில் ஒதுங்க வேண்டும். (தீட்டைக் குறிக்கும் வாலாமை என்ற பழந்தமிழ்ச் சொல் இங்கே பிழைத்துக் கிடக்கிறது, பெருமைப்பட வழியில்லை.) குடிலுக்குப் போவதைத் தவிர்க்க, விலக்கைத் தள்ளிப்போட, இடைவெளியே விடாமல் மாத்திரை விழுங்கியிருக்கிறார்கள். படிவத்தில் ‘மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ என்று இருந்தால் ‘ஆம்’ என்பார்கள். ‘எதற்காக?’ என்று யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்தினால் குடில் அப்படியே நிற்கும்.

ஆழ்ந்த நேர்காணல், குழு உரையாடல், கூட இருந்து கவனித்தல்: பண்புசார் ஆய்வு என்பது இவைதான். பத்துப் பேரிடம் பேசிவிட்டு ஊரில் இத்தனை சதவீதம் என்று சொல்ல முடியாது. அது கணக்கெடுப்பின் வேலை. ஆனால் எதைக் கணக்கெடுப்பது என்று காட்டுவது அந்தப் பத்துப் பேர். யார் கேட்கிறார் என்பதும் முக்கியம். வாலாய்மைப்புரையைப் பற்றி ஓர் ஆண் அதிகாரியிடம் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

இதே கேள்வியோடு பாலக்காடு மாவட்டத்தின் கஞ்சிக்கோட்டுக்கு வருவோம். 2020 அக்டோபரில், பக்கத்திலுள்ள செல்லங்காவு பழங்குடிக் குடியிருப்பில் விஷச்சாராயம் ஐந்து பேரைக் கொன்றது. குடித்ததில் என்ன கலந்திருந்தது என்பதை ஆய்வகம் சொல்லிவிடும். அது எப்படிக் கைக்கு வந்தது, உடம்புக்கு முடியாமல் போனதும் முதலில் யாரிடம் ஓடினார்கள், ஆஸ்பத்திரி என்றால் ஏன் தயக்கம்? இவற்றுக்குக் குடியிருப்பின் திண்ணையில்தான் விடை கிடைக்கும். மலையாளம், தமிழ், இந்தி, ஒடியா என்று நாலு பாஷை புழங்கும் தொழிற்பேட்டை கஞ்சிக்கோடு. ஒரே மொழியில் அச்சடித்த படிவம் இங்கே எத்தனை தூரம் போகும்?

ஊருக்குள் வேலை செய்யும் ஆஷா சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்த விடைகளில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். மாதாந்திரக் கூட்டத்தில் அவர்களிடம் கேட்கப்படுவது இலக்கு எண்தான். பாலக்காடு, இடுக்கி சுகாதார அதிகாரிகளே, எண்ணை வாங்கிக்கொண்ட பிறகு, ஜனங்கள் என்ன சொன்னார்கள் என்றும் கேளுங்கள். அதை எழுதிக்கொள்ள ஓர் ஆளை உட்காரவையுங்கள்.