நஞ்சு வேண்டாம், நாள் குறியுங்கள்: நந்தி ஆற்றங்கரை மக்களின் கோரிக்கைச் சாசனம்

நகராட்சிக்கும் பொதுச் சுகாதாரத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் திருத்தணி நந்தி ஆற்றங்கரைக் குடிமக்கள் வைக்கும் சாசனம் இது. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. திருத்தணி, சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தது. சட்டம் அதற்கும் 21 வயது மூத்தது. ஆகவே புதிதாக எதையும் கேட்க நாங்கள் வரவில்லை. எழுதி வைத்த கடமைக்குத் தேதி கேட்க வந்திருக்கிறோம்.

முதலில், ஆற்றை நடந்து பாருங்கள். கடிக்கிற பூச்சி எல்லாம் கொசு என்று எழுதிவிட்டால் வேலை பாதியில் கெட்டுப்போகும். கொசுப்புழு தேங்கிய நீரில் வளர்கிறது. கரும் ஈ எனப்படும் கடி ஈக்கு ஓடும் தண்ணீர்தான் வேண்டும். தடுப்பணையின் சிமெண்டுச் சரிவில் விரல் கனத்துக்கு நீர் வழுக்கி இறங்குகிறதே, அதுபோன்ற இடம் அதற்கு அரண்மனை. அதன் புழு நொய்யரிசி அளவுதான் இருக்கும். பின்பக்கத்தால் கல்லைக் கவ்விக்கொண்டு, தலையை நீரின் போக்கில் தொங்கவிட்டு, வாயருகே விசிறி மாதிரி விரியும் மயிரால் தண்ணீரை வடிகட்டித் தின்னும். கண்ணில் சரியாகப் படாத இன்னொரு பொடிப்பூச்சி கரையோரச் சாணிச் சேற்றில் பிறக்கிறது. எந்த இடத்தில் எது என்று குறித்த வரைபடம் முப்பது நாளில் தயாராக வேண்டும். அதைத் தமிழில் அச்சடித்து நகராட்சி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். மழை தொடங்கிய பிறகு நடந்தால் பாதி இடம் வெள்ளத்துக்கு அடியில் இருக்கும்.

அடுத்தது மருந்து. நந்தி ஆறு கொசஸ்தலையில் சேர்கிறது. கொசஸ்தலை பூண்டி ஏரிக்குப் போகிறது. பூண்டி நீரைச் சென்னை குடிக்கிறது. இந்த வழியில் இரசாயன நஞ்சைக் கரைப்பதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம், அவசியமும் இல்லை. 1976-இல் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் செத்துக் கிடந்த கொசுப்புழுக்களிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பது அதன் நீளப் பெயர், பி.டி.ஐ. என்றால் போதும். அது உண்டாக்கும் புரதப் படிகத்தைத் தின்ற புழுவின் குடலில் காரத்தன்மை இருப்பதால் படிகம் கரைந்து குடலைக் கிழிக்கிறது. மீனுக்கோ மாட்டுக்கோ மனிதருக்கோ அதனால் கேடில்லை. கொசுப்புழு, கரும் ஈப் புழு இரண்டுமே அதற்குச் சாகும். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் மத்திய அரசின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், பி-17 என்ற நம் நாட்டு வகையையே உருவாக்கி, தயாரிப்பு நுட்பத்தை நிறுவனங்களுக்கும் கொடுத்திருக்கிறது. திருத்தணிக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அரைநாள் பஸ் பயணம். அந்த அரைநாளைக் கடக்க எத்தனை ஆண்டு ஆகும் என்பது மட்டும்தான் எங்கள் கேள்வி.

அபேட் ஒன்றையே நம்பி இருப்பதை நிறுத்த வேண்டும் என்றும் கோருகிறோம். மேற்கு ஆப்பிரிக்காவில் கரும் ஈ பரப்பிய ஆற்றுக்குருடு நோயை ஒழிக்க 1974 முதல் 2002 வரை பெரிய திட்டம் ஒன்று நடந்தது. தொடக்கத்தில் ஆறுகளில் தெளித்தது டெமிபாஸ், அதாவது நம் தெருத்தொட்டிகளில் ஊற்றும் அதே அபேட். சில ஆண்டுகளிலேயே ஐவரி கோஸ்ட்டில் ஈக்கள் அதற்குப் பழகிவிட்டன. 1980-களின் தொடக்கத்தில் கைகொடுத்தது பி.டி.ஐ.; பிறகு மருந்துகளை மாற்றி மாற்றித் தெளித்தார்கள். ஆற்றுக்குருடு நம் நாட்டில் இல்லை. ஆனால் பூச்சி பழகிப்போவதற்கு எந்த நாடாக இருந்தால் என்ன?

தெளிப்பதற்குக் காலண்டர் வேண்டும். வெயில் காலத்தில் புழு பத்து நாளுக்குள் வளர்ந்து கூட்டுக்குள் போய்விடும்; கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் மருந்தும் ஏறாது. ஆகவே நீர் ஓடும் மாதங்களில் வாரம் ஒரு முறை, குறித்த கிழமையில் தெளிக்க வேண்டும். நொடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று அளந்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும். குத்துமதிப்பாக ஒரு வாளி ஊற்றினால் ஆறு அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆப்பிரிக்காவில் ஹெலிகாப்டரில் போய்த் தெளித்தார்கள். எங்களுக்குக் கைத்தெளிப்பான் போதும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் லட்சக்கணக்கானோர் இரவு மண்டபத்திலும் தெருவோரத்திலும் படுக்கிறார்கள். டிசம்பர் 31 படித்திருவிழாவில் 365 படியும் பாடி ஏறுகிறார்கள். இந்த இரண்டு நாளுக்கும் மூன்று வாரம் முன்பே முதல் தெளிப்பு முடிந்திருக்க வேண்டும். விழா அன்று மாலை கொசுப்புகை அடிக்கும் வண்டி விடுவதைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். புகை, பறக்கிற கொசுவைத்தான் தொடும். புழு அடியில் பத்திரமாக இருக்கும்.

குளத்துக்கும் கிணற்றுக்கும் மீன் விடுங்கள், ஆனால் நம் மீனாக விடுங்கள். கம்பூசியா என்ற அந்நிய மீன் 1928-இல் இந்தியாவுக்கு வந்தது. உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். நீர்மட்டத்திலேயே மேய்ந்து கொசுப்புழு தின்னும் முண்டக்கண்ணி நம் வாய்க்கால்களிலேயே வாழ்கிற மீன். சரவணப் பொய்கையிலிருந்து தொடங்கலாம்.

சாக்கடை ஆற்றில் இறங்குவதை நிறுத்தாமல் மேலே சொன்ன எதுவும் முழுப் பலன் தராது. அழுக்கு நீரில் பி.டி.ஐ. சீக்கிரம் படிந்து வீரியம் இழக்கிறது. கியூலெக்ஸ் கொசுவோ அந்த நீரில்தான் கொழுக்கிறது. ஊருக்குள் ஆற்றில் திறக்கும் ஒவ்வொரு குழாய்வாய்க்கும் எண் கொடுத்து, மூடும் தேதியை அதன் மேலேயே எழுதுங்கள்.

ஆடு வளர்ப்போர் சார்பாகவும் ஒன்று. சாணிச் சேற்றுப் பொடிப்பூச்சி செம்மறியாட்டுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருகிறது. வடகிழக்குப் பருவமழையோடு அது தலைதூக்கும். வாய் வீங்கி, தின்ன முடியாமல், கால் தாங்கி நிற்கும் ஆட்டைக் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தப் பூச்சிக்கு பி.டி.ஐ. அவ்வளவாக வேலை செய்யாது. எனவே கரையோரச் சாணிக் குவியலை அகற்றி உரக்குழிக்குக் கொண்டுபோக ஏற்பாடும், செப்டம்பருக்குள் தடுப்பூசி முகாமும் வேண்டும்.

ஆற்றில் இறங்குகிற டி.பி.சி. பணியாளர்களுக்கு, அதாவது கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களுக்கு, முழங்கால் பூட்ஸ், கையுறை, புழு பார்க்கும் வெள்ளைத் தட்டு, புதுச்சேரியில் ஒரு வாரப் பயிற்சி, மாதம் தவறாத கூலி. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கடைசியாக எல்லை. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் நம் பக்கம் பள்ளிப்பட்டில் தரைப்பாலம் மூழ்குகிறது. நகரி ஆறும் அங்கிருந்து இறங்கிப் பூண்டிக்கு வருகிறது. ஈக்கு மாநில எல்லை தெரியாது. பருவமழைக்கு முன் எல்லையின் இரு பக்க மாவட்ட ஆட்சியர்களும் ஒரு முறை உட்கார்ந்து, அணை திறக்கும் தகவலும் தெளிப்பு நாளும் இரு பக்கமும் முன்கூட்டியே தெரியும்படி செய்ய வேண்டும். தமிழிலும் தெலுங்கிலும் அறிவிக்கட்டும். எங்கள் வீடுகளில் இரண்டும் பேசுகிறோம்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே ஒரு தேதியும், பொறுப்பான அலுவலரின் பதவிப் பெயரும் எழுதி, முப்பது நாளுக்குள் இந்தச் சாசனத்தைத் திருப்பித் தாருங்கள். முப்பத்தொன்றாம் நாள் காலை நகராட்சி வாசலில் இருப்போம்.