தீர்ப்பு நகலுக்கு அலையும் கிராமத்து பெண்கள்: இலவசமாக கொடுக்க சட்டம் இருந்தும் வாங்காமல் விட்டதால் வந்த வினை

"விவாகரத்து ஆகி 12 வருஷம் ஆச்சுங்க. தீர்ப்பு பேப்பர்தான் கையில இல்ல."

மாவட்ட தலைநகரங்களில் உள்ள கோர்ட்டு வளாகங்களில், நகல் பிரிவு ஜன்னல் அருகே அரை மணி நேரம் நின்றால் இப்படி ஒரு குரலை கேட்கலாம். உள்ளே இருந்து வரும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்.

"கேஸ் நம்பர் என்னம்மா?"

நம்பர் தெரியாது. எந்த வருஷம் என்று கேட்டால், "சின்னவன் மூணாங்கிளாஸ் படிச்சப்போ" என்று பதில் வரும். வக்கீல் யார் என்றால், "அவரு காலமாயிட்டாரு". எந்த கோர்ட்டு என்றால், மாடியில் ஒரு ஹால் என்று கை காட்டுவார்கள்.

பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போனதுதான் மிச்சம். மறுபடி அடுத்த வாரம் வர வேண்டும்.

எதற்கு இப்போது தேவை?

தீர்ப்பு வந்த புதிதில் அந்த காகிதத்தின் அருமை யாருக்கும் தெரிவதில்லை. வழக்கு முடிந்தால் போதும் என்று ஊர் திரும்பி விடுகிறார்கள். பல வருடம் கழித்துத்தான் தலைவலி ஆரம்பிக்கிறது.

மறுமணத்தை பதிவு செய்ய போனால் கேட்கிறார்கள். முன்னாள் கணவர் இறந்து சொத்து தகராறு வந்தால் கேட்கிறார்கள். அப்பா அரசு ஊழியராக இருந்து இறந்து விட்டால், விவாகரத்தான மகள் குடும்ப ஓய்வூதியம் வாங்க அதுதான் முக்கிய ஆதாரம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மத்திய அரசு 2017-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, பெற்றோர் உயிரோடு இருந்தபோதே விவாகரத்து வழக்கு போட்டிருந்தால் போதும். தீர்ப்பு அவர்கள் இறந்த பிறகு வந்திருந்தாலும் மத்திய அரசு ஊழியரின் மகளுக்கு ஓய்வூதியம் உண்டு. அப்படியானால் தீர்ப்பு தேதியை விட, வழக்கு தாக்கல் செய்த தேதிதான் மாதா மாதம் வரப்போகும் பணத்தை முடிவு செய்கிறது. அந்த தேதியை நிரூபிக்க கோர்ட்டு ஆவணத்தை விட்டால் வேறு நாதியில்லை.

பாஸ்போர்ட்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிம்மதி. விவாகரத்தானவர்கள் கணவன் அல்லது மனைவி பெயரை எழுத வேண்டியதில்லை, தீர்ப்பு நகலும் தர வேண்டியதில்லை என்று 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்து திருமண சட்டம் 23-வது பிரிவின் 4-வது உட்பிரிவை பல பேர் கேள்விப்பட்டதே இல்லை. விவாகரத்து வழங்கும் கோர்ட்டு, கணவன்-மனைவி இருவருக்கும் தீர்ப்பாணையின் நகலை இலவசமாக கொடுக்க வேண்டும் என்று அது தெளிவாக சொல்கிறது. 1976-ல் கொண்டு வந்த திருத்தம் இது.

ஜீவனாம்ச உத்தரவுக்கும் இதே கதைதான். பழைய குற்றவியல் நடைமுறை சட்டத்தில் 125 முதல் 128 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.சில் 144 முதல் 147 வரை என்று மாறி விட்டன. நம்பர்தான் மாறியதே தவிர, ஜீவனாம்சம் பெறுபவருக்கு உத்தரவு நகலை காசு வாங்காமல் தர வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறை தடுப்பு சட்டத்திலும் மாஜிஸ்திரேட்டு உத்தரவின் நகல் இலவசம்தான்.

பிறகு ஏன் இந்த அலைச்சல்?

தீர்ப்பை படிக்கும் நாளிலேயே தீர்ப்பாணை தயாராகி விடாது. அது பிறகு தனியாக எழுதப்படுகிறது. கட்சிக்காரர் திரும்பி வர மாட்டார். வக்கீல் குமாஸ்தா வாங்கினாலும் அது கட்டோடு கட்டாக ஆபீஸ் பரண் மேலே போய் விடும். இதில் கோர்ட்டை மட்டும் குறை சொல்லி பிரயோஜனம் இல்லை. "நகல் வாங்கிட்டு போம்மா" என்று சொல்ல வேண்டிய வக்கீல்களும் சொல்வதில்லை.

எந்த கோர்ட்டில் தேடுவது?

இங்கேதான் கிராமத்து ஆட்கள் பாதி பேர் தவறுகிறார்கள்.

1984-ம் ஆண்டு குடும்பநல கோர்ட்டு சட்டப்படி, 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில்தான் குடும்பநல கோர்ட்டு கட்டாயம். மற்ற இடங்களில் மாநில அரசு விருப்பப்பட்டால் அமைக்கலாம். அதனால் சென்னையில் இருப்பவருக்கு எல்லாம் ஒரே இடத்தில் முடிந்து விடும். தாலுகாக்களில் அப்படி இல்லை.

குடும்பநல கோர்ட்டு இல்லாத பகுதியில் இந்துக்களின் விவாகரத்து வழக்கு சப்-கோர்ட்டில் நடக்கும். கிறிஸ்தவர்களின் விவாகரத்தும், பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கும் மாவட்ட கோர்ட்டில். ஜீவனாம்சமும் குடும்ப வன்முறையும் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில். ஆக ஒரே குடும்பத்தின் சண்டைக்கு மூன்று கட்டிடத்தில் மூன்று ரெக்கார்டு ரூம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு ஊரில் புதிதாக குடும்பநல கோர்ட்டு வந்தால், சப்-கோர்ட்டில் நிலுவையில் இருந்த வழக்குகள் அங்கே மாறி விடும். அங்கே புது நம்பர் விழும். பழைய நம்பரை வைத்துக்கொண்டு தேடினால் "அப்படி கேஸே இல்லையே" என்பார்கள். ஏற்கனவே முடிந்து போன வழக்குகளோ பழைய கோர்ட்டிலேயே தங்கி விடும்.

மாவட்டம் பிரிந்தாலும் இதே குழப்பம்தான். அரியலூர் 2007-லும் திருப்பூர் 2009-லும் தனி மாவட்டமானது. 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர் உள்பட 5 மாவட்டங்கள், 2020-ல் மயிலாடுதுறை என்று வரிசையாக வந்தன. மாவட்டம் பிரிவதற்கு முன்பு நடந்த வழக்கு என்றால் தாய் மாவட்ட கோர்ட்டிலும் ஒரு முறை விசாரிப்பது நல்லது.

நம்பர் இல்லாவிட்டால்...

அதிகம் பயன்படுவது செல்போன்தான். இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் ஆப்பிலும் கட்சிக்காரர் பெயர், வருடம், வக்கீல் பெயர் என்று எதை வைத்தும் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்க அடையாள எண் இருக்கும். அது கிடைத்தால் மற்ற விவரம் எல்லாம் தானாக வரும். பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக அடித்து பார்க்க வேண்டும். 'லக்ஷ்மி', 'லெட்சுமி', 'லட்சுமி' மூன்றும் கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய வழக்கு என்றால் கோர்ட்டு பதிவேட்டை புரட்டத்தான் வேண்டும். அதற்கு மனு போட வேண்டும். வருடம் மட்டுமாவது சரியாக தெரிய வேண்டும். ஜீவனாம்ச மணியார்டர் ரசீது, பழைய சம்மன், வக்கீல் நோட்டீஸ் என்று வீட்டு டிரங்கு பெட்டியில் ஏதாவது ஒன்று கிடந்தால் அதிலேயே நம்பர் இருக்கும். முதலில் அங்கே தேடுங்கள்.

இணையத்தில் இருந்து எடுத்த பிரிண்ட் அவுட் தகவலுக்கு மட்டும்தான். பென்ஷன் ஆபீசிலோ, சார்பதிவாளரிடமோ அது செல்லாது. கோர்ட்டு முத்திரையும் கையெழுத்தும் உள்ள சான்றிட்ட நகல்தான் செல்லும்.

நகல் மனு போட்ட பிறகு அறிவிப்பு பலகையை பார்ப்பதும் அவசியம். எத்தனை பக்கம், நகலுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று அங்கே பட்டியல் ஒட்டுவார்கள். குறித்த காலத்துக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. மனு போட்ட தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் நகலிலேயே குறித்து தருவார்கள். அப்பீல் போகிறவர்களுக்கு அந்த தேதிகள் தங்கம். நகல் வாங்க ஆன நாட்களை அப்பீல் கெடுவில் இருந்து கழித்துக் கொள்ள சட்டம் அனுமதிக்கிறது.

தகவல் உரிமை சட்டத்தில் மனு போட்டு வாங்கி விடலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். அது நடக்காது. கோர்ட்டு ஆவணங்களை கோர்ட்டு விதிப்படிதான் வாங்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 மார்ச்சில் தீர்ப்பு கூறி விட்டது.

தெரியாமலே விவாகரத்து

இதையெல்லாம் விட பெரிய கொடுமை ஒன்று இருக்கிறது. கணவன் வெளியூரில் இன்னொரு கல்யாணம் செய்து கொண்டதாக பெண்ணுக்கு தகவல் வரும். போய் கேட்டால், "எனக்குத்தான் கோர்ட்டுல விவாகரத்து ஆயிடுச்சே" என்பான். எப்போது, எங்கே என்று இவளுக்கு தெரியாது.

பழைய முகவரிக்கு சம்மன் அனுப்பி, அது திரும்பி வந்து, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, ஒருதலைப்பட்சமாக தீர்ப்பு வாங்கியிருப்பார்கள். பத்திரிகை மூலையில் பொடி எழுத்தில் வரும் அந்த விளம்பரத்தை, காட்டு வேலைக்கு போகும் பெண் எங்கே பார்க்கப்போகிறாள்? பத்திரிகைக்காரர்களான நாமே படிப்பதில்லை.

அப்படிப்பட்ட தீர்ப்பை ரத்து செய்ய மனு போடலாம். கெடு 30 நாள். சம்மன் முறையாக வந்து சேரவில்லை என்றால், தீர்ப்பு பற்றி தெரிந்த நாளில் இருந்து அந்த 30 நாள் ஆரம்பிக்கிறது. அதனால் கேள்விப்பட்ட உடனே வழக்கு விவரத்தை கண்டுபிடித்து நகல் மனு போட்டாக வேண்டும். ஊரில் பெரிய மனுஷனிடம் சொல்லி பேசிப் பார்க்கலாம் என்று இரண்டு மாதம் கடத்தினால் ஆபத்து. தாமதத்தை மன்னிக்க தனி மனு போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லி கெஞ்ச வேண்டியிருக்கும்.

வக்கீல் வைக்க காசு இல்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.

இல்லாத ஆவணத்தை தேடுபவர்கள்

கடைசியாக ஒரு கூட்டம் இருக்கிறது. மாதக்கணக்கில் தேடியும் இவர்களுக்கு கோர்ட்டில் எதுவும் கிடைக்காது. விசாரித்தால், ஊர் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் "இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதி கையெழுத்து போட்டிருப்பார்கள். நோட்டரி முத்திரை வேறு இருக்கும். அதைத்தான் இத்தனை வருடம் விவாகரத்து என்று நம்பியிருப்பார்கள்.

தங்கள் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் காலம் காலமாக இருக்கிறது என்று நிரூபித்தால் மட்டுமே அதற்கு சட்டத்தில் இடம் உண்டு. மற்றவர்களுக்கு அது வெறும் தாள். தாசில்தார் கொடுக்கும் 'கணவரால் கைவிடப்பட்டவர்' சான்றிதழும் விவாகரத்து ஆகாது. ஜமாத் போன்ற தனியார் அமைப்புகள் குலா மூலம் திருமணம் முடிந்ததாக சான்றிதழ் தர முடியாது, குடும்பநல கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்று 2023-ல் சென்னை ஐகோர்ட்டு கூறியிருக்கிறது.

இவர்கள் புதிதாகத்தான் வழக்கு போட வேண்டும். இருவரும் சம்மதித்து போனால் வேலை சுலபம். பரஸ்பர சம்மத வழக்கில் உள்ள 6 மாத காத்திருப்பை, பல வருடம் பிரிந்து வாழ்பவர்களுக்கு தள்ளுபடி செய்ய கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் சொல்லி விட்டது. அந்த முத்திரைத்தாளையும் தூக்கி எறிய வேண்டாம். எந்த வருடத்தில் இருந்து பிரிந்து வாழ்கிறார்கள் என்பதை காட்ட அது உதவும்.