கணக்குச் சரி, பயன் எங்கே?

ஊராட்சி ஒன்று மேல்நிலைத் தொட்டி கட்டுகிறது. ரசீதுகள் எல்லாம் சரியாக உள்ளன; குழாயில் தண்ணீர்தான் இல்லை! வரவு செலவுத் தணிக்கைக்கு இக்குறை தெரியாது. செலவழித்த பணம் சிக்கனமாகவும் உரிய பயன் தரும்படியும் செலவாயிற்றா என்று ஆராய்வதே செயல்திறன் தணிக்கை.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்கிறது முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு. ஆகவே கணக்குக் கேட்பது நமக்குப் புதிதன்று. ஆனால் கணக்கு மட்டும் போதுமா?

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கிராம சபைக்கு இடம் தந்துள்ளது. தணிக்கை அறிக்கை அலமாரியில் உறங்காமல் அச்சபையில் வாசிக்கப்பட வேண்டும். குடம் சுமக்கும் தாய்மாரே அதற்குச் சாட்சிகள். பெற்றோர்களே, அங்கே சென்று 'என்ன பயன்?' என்று கேளுங்கள். தோழியரே, பதினெட்டு வயதானதும் நாமும் கேட்போம்!