ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்

அத்திப்பட்டில் பள்ளி செல்லும் சிறுவன் ஒருவனை நிறுத்தி, "நாளொன்றுக்கு எத்தனை முறை பல் துலக்க வேண்டும்?" என்று வினவுவோமாயின், "இருமுறை" என்னும் விடை தயங்காது வரும். "நேற்றிரவு துலக்கினாயா?" என்று தொடர்ந்து வினவினால் தலை கவிழ்ந்துவிடும். அறிவுக்குக் குறைவில்லை, பழக்கந்தான் வேரூன்றவில்லை.

இதற்காகப் பிள்ளையை மட்டும் கடிதல் முறையன்று. அனல்மின் நிலையத்திலும் அண்டைத் தொழிற்சாலைகளிலும் ஷிப்டு முறையில் உழைப்போரும், மின்ரயிலில் சென்னைக்குப் போய் இருட்டிய பின் திரும்புவோரும் வாழும் பகுதி இது. தந்தை வீடு சேருமுன்னரே பிள்ளை உண்டு உறங்கியிருக்கும். உறங்கும் குழந்தையை எழுப்பிப் பல் துலக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆனால் உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கிறது. பல்லிடுக்கில் தங்கிய இனிப்பையும் மாவையும் நுண்ணுயிர்கள் அமிலமாக்க, அதைக் கழுவுவாரின்றிப் பல்லின் எனாமல் கரைகின்றது.

பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. பாற்பற்கள் இருபதுக்கும் பின்னே, ஏறத்தாழ ஆறு வயதில், மேலும் கீழுமாக நான்கு கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. இவற்றுக்கு இடம்விட எந்தப் பல்லும் விழுவதில்லை. கூரைமேல் எறிவதற்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டில் எவரும் கவனிப்பதில்லை. சொத்தை கண்டாலும், "பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று தேற்றிக்கொள்கிறோம். உண்மையில் அது வாழ்நாள் முழுதும் மென்று உண்ண வேண்டிய பல். போனால் மறுபடி முளைக்காது. அதன் மேற்பரப்பிலுள்ள ஆழ்ந்த பள்ளங்களில் உணவு எளிதில் ஒட்டிக்கொள்ளும். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நாடளாவ நடத்திய ஆய்வில், 12 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பற்சொத்தை இருந்ததென்பதை இங்கு நினைவிற்கொள்வோம்.

வேப்பங்குச்சியை நாம் இகழவில்லை. எனினும் அது அப்பின்பல்லை எட்டுவது அரிது. கரியும் செங்கற்பொடியும் எனாமலைத் தேய்த்துவிடும். பட்டாணியளவு ஃபுளூரைடு பற்பசை போதும். இரவுணவு முடிந்து கை கழுவும்போதே, உறக்கம் கண்ணைச் சுற்றுமுன், பல்லையும் துலக்கிவிடுவதே எளிய வழி. ஏழெட்டு வயது வரை பிரஷைப் பெரியவரே பிடித்துத் துலக்குதல் நன்று. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். நிறைய நீர்விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும்.

2013 முதல் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அரசுப் பள்ளிகளில் மாணவர்களின் பற்களையும் பார்க்கின்றனர். அவர்கள் எழுதித் தரும் சீட்டைப் புத்தகப் பையிலேயே மறந்துவிடலாகாது. இன்றிரவு டார்ச்சு விளக்கொன்றைப் பிடித்துப் பிள்ளையின் கடைவாயை நாமே பார்ப்போம். பள்ளத்தில் பழுப்போ கறுப்போ தென்படின், வலி தோன்றும் வரை காத்திராமல், சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தருகே 1953 முதல் இயங்கிவரும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு ஒருநாள் காலையில் அழைத்துச் செல்லலாம். சொத்தை சிறிதாயிருக்கையில் அடைத்துவிடுவார்கள். சொத்தையில்லாத பல்லாயினும், பள்ளங்களை மூடிக் காக்கும் பூச்சு உண்டா என்று கேட்டு வாருங்கள்.